ஒண்ணுமில்லன்னா என்னா?

எங்கள் ஷிப்ட் வேனில் யாரும் 'ஒண்ணுமில்லக்கா' என்று சொல்லிவிடக் கூடாது. அப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் மீறினால் வண்டி ஓரங்கட்டப்படும். ஓட்டுகிற அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, முழுதாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு கேட்பார்: "ஒண்ணுமில்லன்னா என்னா?"

பதில் சொல்லும்வரை வண்டி நகராது. ஓசூர்ப் பக்கம் பிறந்தவர் என்பதால் அக்காவுக்கு மூன்று மொழியும் வீட்டு மொழிதான். தெலுங்கில் 'ஏமீ லேது' என்றாலும், கன்னடத்தில் 'ஏனூ இல்லா' என்றாலும் அவருக்கு ஒரே எரிச்சல். மூன்று மொழியிலும் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் ஒரே சோம்பேறியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் உத்தனப்பள்ளியில் தொடங்கி தொழிற்பேட்டை கேட் வரை ஏறுகிற பெண்கள் எல்லோருக்கும் அவர் வண்டிக்காரக்கா. போனில் கூட அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன், இன்னும் மாற்றவில்லை.

நான் தர்மபுரியிலிருந்து வந்து உத்தனப்பள்ளியில் ரூம் எடுத்துத் தங்கி, கார்களுக்கான ஒயர்க் கட்டுகள் செய்யும் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். முதல் நாள் அந்த வண்டியில் ஏறியபோது முகம் எப்படி இருந்ததோ, அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டார். "என்னா பாப்பா?" என்றார். சட்டம் தெரியாத நான் "ஒண்ணுமில்லக்கா" என்றேன். வண்டி நின்றது. பின்னால் இருந்தவர்கள் "போச்சுடா" என்று முனகினார்கள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் சாப்பிடவில்லை, பயத்தில் சோறு இறங்கவில்லை என்பதை எல்லோர் முன்னாலும் என் வாயிலிருந்து பிடுங்கினார். பிறகு ஒரு கடையில் நிறுத்தி பன்னும் டீயும் வாங்கித் தந்தார். தின்று முடிக்கும்வரை திட்டினார். பட்டினியே தேவலாம் என்று இருந்தது எனக்கு.

அக்காவால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. ஷிப்ட் முடிந்து நாங்கள் வெளியே வரும்போது மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துப் படுத்திருப்பார்கள். அக்கா மட்டும் வண்டியைச் சுற்றிக்கொண்டே இருப்பார். டயரை உதைப்பார், குனிந்து அடியில் பார்ப்பார், மோந்து பார்ப்பார். கதவைச் சாத்திவிட்டு, சாத்தியதா என்று இழுத்துப் பார்த்து, இரண்டடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். பிரச்சினை வந்தால் சமாளித்துவிடுவார். பிரச்சினை இல்லாத நாளில்தான் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

ஏன் இப்படி ஆனார் என்பதற்கு வண்டிக்குள்ளேயே பல கதைகள் ஓடின. புருஷன் ஏமாற்றிவிட்டுப் போனார் என்று ஒருத்தி. சின்ன வயதில் கிணற்றில் விழுந்தார் என்று இன்னொருத்தி. நான் நேராகவே கேட்டேன். "பொறந்ததே அப்படித்தான். எங்கம்மா வயித்துலயே ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டுத்தான் வெளிய வந்தன்" என்றார்.

இந்தக் குணத்தால் எல்லாம் நன்மையாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். எங்களோடு வந்த ராயக்கோட்டைப் பெண் ஒருத்திக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவள் "நல்லவருக்கா" என்று மட்டும் சொன்னாள். அக்கா விடவில்லை. நல்லவர்னா எப்படி, போன்ல என்னா பேசுவாரு, கோபம் வந்தா என்னா பண்ணுவாரு என்று தினமும் குடைந்தார். ஒரு நாள் அந்தப் பெண் வண்டியிலேயே அழுதுவிட்டு, அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். கல்யாணம் நடந்தது, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். "நான் கேட்டது தப்பாடி?" என்று அக்கா என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் வேறொருத்தியைப் பிடித்துக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூர்க்காரர் ஒருவர் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட பழைய வேன் அது, இன்னமும் கர்நாடகா நம்பர்தான். டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவே என்ஜின் இருக்கும். அதற்கு மேல் பெட்டி போல ஒரு இரும்பு மூடி, மூடிக்கு மேல் கிழிந்த ரெக்சின். பக்கத்துச் சீட்டு என் இடம். இடது காலில் வெயில், வலது காலில் என்ஜின் சூடு. அந்த மூடி மேலே வண்டியில் இருக்கும் அத்தனை பேருடைய சாப்பாட்டுப் பைகளும் அடுக்கப்படும். காலையில் கட்டிய சோறு கேட்டுக்குப் போகும்வரை ஆறாமல் இருக்கும். சாம்பார் டப்பாவுக்கு நல்ல இடம் எது, தயிர் டப்பாவைத் தள்ளி எங்கே வைப்பது என்று பெரிய சண்டையெல்லாம் நடந்திருக்கிறது.

ஒரு வருஷம் ஆவணியில் அந்த வண்டிக்குக் கோளாறு வந்தது. கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே சூடு காட்டும் முள் சரேலென்று சிவப்புக்கு ஏறிவிடும். அக்கா உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுவார். சூடான என்ஜினோடு ஓட்டினால் என்ஜின் போய்விடும், என்ஜின் போனால் அக்காவிடம் வேறு ஒன்றும் கிடையாது. நிறுத்தி நிறுத்திப் போனாலோ கேட்டுக்கு லேட். டிரிப்பைக் கொடுத்திருந்த காண்ட்ராக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இன்னொருக்கா லேட்டா வந்தீங்கன்னா டிரிப்ப வேற வண்டிக்குக் குடுத்துருவன்க்கா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

நிறுத்தினாலும் போச்சு, ஓட்டினாலும் போச்சு. அக்கா அந்த நாட்களில் எங்களிடம் கேள்வி கேட்பதைக் கூட விட்டுவிட்டார். பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா வண்டியைக் காட்டிய மெக்கானிக் கெட்டவர் இல்லை. அத்திப்பள்ளிக்காரர், பொறுமைசாலி. மூடியைத் திறந்து, சென்சாரின் ஒயரைக் கழற்றினார். சென்சார் என்பது விரல் நீளம் கூட இல்லாத பித்தளைத் துண்டு. என்ஜினில் ஓடும் தண்ணீருக்குள் தலையை நீட்டிக்கொண்டு, அதன் சூட்டை மீட்டருக்குச் சொல்வதுதான் அதற்கு வேலை. ஒயரைக் கழற்றியதும் முள் கீழே விழுந்தது. "சென்சார் போயிருச்சுக்கா" என்று புதிது போட்டார். சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் சிவப்பு. இன்னொரு சென்சார் போட்டார். மறுபடியும் அதே கதை.

கடைசியில் அவர் எல்லா மெக்கானிக்கும் சொல்வதைச் சொன்னார். "ஒண்ணுமில்லக்கா, பழைய வண்டி, மீட்டர் சும்மா காட்டுது. மீட்டர் ஒயரையே கழட்டி உட்டுர்றன். ஃபேன டைரக்ட் பண்ணிரலாம், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். நிம்மதியா ஓட்டுங்க."

"ஒண்ணுமில்லன்னா என்னா?" என்றார் அக்கா. "இது பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சிடுச்சு. ஏன் சொல்லுதுன்னு தெரியாம வாயக் கட்டிட்டா நாளைக்கு நெசத்த எவன் வந்து சொல்லுவான்?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் பார்க்கும்போதெல்லாம் முள் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் பூஜை போட்டு அன்றைக்குச் சாப்பாடும் அவர்களே போடுவார்கள். நாங்கள் பட்டுப்புடவையும் பூவுமாக ஏறினோம். வண்டிக்கும் சந்தனம், குங்குமம், மாலை. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். முள் நடுவிலேயே நின்றது. உத்தனப்பள்ளியிலிருந்து கேட் வரை அசையவில்லை. "பூசை போட்டதும் அடங்கிருச்சு பாத்தியா" என்று பின்சீட்டு அக்கா ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

வண்டிக்காரக்காவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. திரும்பி வரும்போதும் முள் நடுவிலேயே இருந்தது, அவர் அதையே முறைத்துக்கொண்டு வந்தார். "சாமி வந்து ஒயர் வேலையா பாக்கும்? இன்னிக்கி என்னமோ ஒண்ணு மாறியிருக்குது. என்னா மாறிச்சு, சொல்லுங்கடி."

புடவை என்றாள் ஒருத்தி. மாலை என்றாள் இன்னொருத்தி. அக்கா மாலையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை.

லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய காலை. பாதி வழியில் முள் சிவப்புக்குப் பாய்ந்தது. அக்கா ஓரங்கட்டினார். ஆனால் அணைக்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பக்கம் திரும்பி, என்ஜின் மூடியைப் பார்த்தார். அதன் மேல் மலை போலச் சாப்பாட்டுப் பைகள்.

"பூச அன்னிக்கி யாரும் சோறு கொண்டாரல" என்றார் மெதுவாக. பிறகு கத்தினார்: "பையத் தூக்குங்கடி எல்லாரும்!"

தூக்கினோம். முள் கீழே வந்தது. "வைங்க." வைத்தோம். ஏறியது. பின்சீட்டு அக்காவின் பெரிய டிபன் கேரியர் ஒன்றை மட்டும் வைத்தாலே பாதி ஏறியது. லேட்டாகிறது என்ற பயத்தையும் மீறி வண்டி முழுக்கச் சிரிப்பு.

பைகளைக் காலடியில் போட்டுவிட்டு மூடியைத் திறந்தோம். மூடியின் விளிம்புக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் பட்டை எப்போதோ தேய்ந்து விழுந்திருந்தது. சென்சார் ஒயர் அந்த விளிம்புக்கடியில் போயிற்று. பைகளின் கனத்தில் மூடி அழுந்தி அழுந்தி, ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. செம்பு இரும்பைத் தொட்டால் முள் சிவப்புக்குப் போகும், கனம் போனால் இறங்கிவிடும். மெக்கானிக் பாவம், மூடியைத் திறக்காமல் பார்க்க முடியாது. திறந்தால் கோளாறு அந்த நிமிடமே போய்விடும். எங்கள் சோறுதான் இத்தனை நாள் அக்காவின் பிழைப்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஒயர் சுற்றுவது என் வேலை. அக்காவிடமிருந்து டேப்பை வாங்கி, பாதிக்குப் பாதி மேலே ஏறும்படி இழுத்துச் சுற்றி, ஒயரை விளிம்பிலிருந்து தள்ளிக் கட்டினேன். "நல்லாச் சுத்தினியா?" என்றார். நன்றாகத்தான் என்றேன். இழுத்துப் பார்த்தார். இரண்டடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார். கேட்டுக்குள் நாங்கள் ஓடவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. காண்ட்ராக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார். டிரிப் தப்பியது.

இத்தோடு முடிந்திருந்தால் அக்காவைக் கெட்டிக்காரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

அடுத்த தை மாதம் எங்கள் லைனில் வேலை செய்த பெண்ணுக்கு நாட்றாம்பாளையத்தில் கல்யாணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வண்டியிலேயே கிளம்பினோம். அஞ்செட்டி தாண்டிக் காட்டுக்குள் ஏற்றம். பரிசுப் பாத்திரம், மாற்றுப் புடவை என்று மூடி மேல் மறுபடியும் மூட்டைகள். முள் ஏற ஆரம்பித்தது. நாங்கள்தான் இப்போது விவரமானவர்கள் ஆயிற்றே. அக்கா சொல்வதற்கு முன்பே எல்லோரும் மூட்டைகளைத் தூக்கிவிட்டோம். முள் இறங்கியது. கை தட்டினோம். நடுக்கோட்டைத் தாண்டி, வண்டி கிளம்பும்போது இருக்குமே, அந்த அடிக்கே போய்விட்டது.

அக்கா கை தட்டவில்லை. வண்டியை நிறுத்தி அணைத்தார்.

ரோட்டில் யானைச் சாணம் கிடந்தது. ஈரம் காயாத சாணம். மூங்கில் பக்கம் ஏதோ முறியும் சத்தம் வேறு.

"யக்கா, இங்கயா நிறுத்துவ? முள்ளுதான் கீழ வந்துருச்சே, போலாம்க்கா!" பின்சீட்டு அக்கா அழாத குறை.

"அதான்டி பயமா இருக்குது. ஏத்தம் ஏறிக்கிட்டிருக்கறப்ப எந்த என்ஜின்டி குளுந்து போவும்?"

"ஒயர்தான் போனவாட்டியே பாத்தமே!"

"போனவாட்டி ஒயரு. இந்தவாட்டியும் ஒயர்னு உனுக்கு யாரு சொன்னாங்க?"

இறங்கிக் குனிந்து பார்த்தார். நானும் இறங்கினேன். அடியில் போகும் ரப்பர் குழாய் வாய்ப்பக்கம் கிழிந்து, தண்ணீர் வழியெல்லாம் ஒழுகித் தீர்ந்திருந்தது. சொட்டக்கூட மிச்சமில்லை. என்ஜின் பக்கம் கையை நீட்டவே முடியவில்லை, அனல். மீட்டரில் முள் சமர்த்தாக அடியில் உட்கார்ந்திருந்தது.

"அதுக்குத் தண்ணியோட சூடுதான் தெரியும் பாப்பா" என்றார் அக்கா. "தண்ணியே இல்லன்னா அது என்னாத்த சொல்லும்? எல்லாம் நல்லாருக்குதுன்னுதான் சொல்லும்."

சூடு தணியாமல் தண்ணீர் ஊற்றினால் என்ஜின் வெடித்துவிடும் என்று காத்திருந்தோம். ஜன்னலை மூடிக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டோம். அக்கா வெளியே வண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரு கண் மூங்கில் மேல், ஒரு கண் என்ஜின் மேல். பிறகு கிழிந்த நுனியை வெட்டி, குழாயை மறுபடி மாட்டி இறுக்கினார். எங்கள் குடிதண்ணீர் பாட்டில்கள் அத்தனையும் ரேடியேட்டருக்குள் போயின. யானை வரவில்லை. பந்தியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் அந்த என்ஜின் அங்கேயே இறுகிச் செத்திருக்கும்.

எனக்குக் கல்யாணமாகிக் குந்தாரப்பள்ளிக்கு வந்த பிறகும் அக்கா போன் செய்வார். போனை எடுத்தால் புலம்பல்தான். டீசலில் ஏதோ கலக்கிறான், மாத்திரை போன தடவை வேறு நிறத்தில் இருந்தது, சர்க்கரை பார்க்கிற மிஷின் பொய் சொல்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவர் போனை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் கற்றுக்கொண்ட பாடம்.

போன வருஷம் ஒரு காலையில் பழைய வேன் தோழி ஒருத்தி சொன்னாள்: பழைய வண்டிகள் வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது, அக்காவின் டிரிப் போய்விட்டது. மனசு கேட்காமல் உடனே போன் போட்டேன். இந்தப் பக்கம் ஒரு மணி நேரமாவது திட்டு விழும் என்று நாற்காலியைக் கூட இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஆமா பாப்பா, நின்னுருச்சு" என்றார்.

"என்னக்கா பண்றீங்க? உடம்பு எப்படி இருக்குது?"

"ஒண்ணுமில்ல பாப்பா. எல்லாம் நல்லாருக்குது. நீ சாப்ட்டியா?"

குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது. நான் அடுப்பை அணைத்தேன். பையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போது என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுக் கேட்டார், "நல்லாருக்கன்னுதான சொன்னாங்க, அப்புறம் எங்க கிளம்பிட்ட?"

"அதுக்குத்தாங்க போறன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்க நேரமில்லை.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது எனக்கு இறங்கி ஓடலாம் போல இருந்தது. உத்தனப்பள்ளியில் அக்கா வீட்டு வாசலில், நிறுத்தி வைத்த வேனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அசையாமல். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை, காற்று அடித்துக்கொண்டிருந்தும்.

"நீ எதுக்கு வந்த?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே, அதான் வந்தேன்."

என்னையே பார்த்தார். பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. நேற்றிலிருந்து கை ஒரு மாதிரி கனமாக இருக்கிறது, வலியெல்லாம் இல்லை, டிரிப் போன கவலைதான் என்று நினைத்தேன் என்றார். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாரடைப்பு வந்து ஒரு நாள் ஆகியிருக்கும் என்றார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில சமயம் வலியே தெரியாதாம். டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்தக் காட்டு ரோடும், அடியில் உட்கார்ந்திருந்த முள்ளும்தான் கண்ணுக்குள் நின்றன.

பிழைத்தார். ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று போனேன். நர்ஸ் அவர் விரலில் நாடித்துடிப்பைக் காட்டும் ஒரு கிளிப்பை மாட்டி, எண்ணைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நார்மல்" என்றாள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "ஒண்ணுமில்லன்னா என்னா? இதக் கழட்டி இந்தப் பாப்பா வெரல்ல மாட்டு. அவளுக்கும் இதேதான் காட்டுதான்னு பாக்கணும்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். 'மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விட மாட்டார்' என்று கையை நீட்டினேன். எண் எகிறியது, அக்காவுக்குக் காட்டியதைவிட எத்தனையோ அதிகம்.

"பாத்தியா, மிஷின் நல்ல மிஷின்தான்" என்று நர்ஸுக்கு ஒப்புக்கொண்டவர், அதே வேகத்தில் என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏன்டி இப்படி ஓடுது? என்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா" என்று வாய் தவறி வந்துவிட்டது.

போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் "அம்மா, அம்மா, படுங்க" என்று பதறினாள். அவர் காதில் விழவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு முழுதாகத் திரும்பி உட்காருவாரே, அதே மாதிரி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பதில் சொல்லாமல் இனி எதுவும் நகராது.

"பயந்துட்டன்க்கா" என்றேன்.